நார்க்கட்டிக்கு நான் எழுதாத விதி

ஒரு மனிதரை அவருடைய கண்களையே நம்பாதவராக ஆக்கினேன். அதற்குப் பொய் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். அவர் அவனியாபுரத்தில் ஒரு லாரி செட்டில் லோடு மேஸ்திரி. நான் அதே செட்டில் கணினிக்கு விதி எழுதிக்கொண்டிருந்த, ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன். தவறு முழுக்க என்னுடையது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அதற்கு முன் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருத்தப்படுகிறேன் என்பதற்காக அதையும் மட்டமாகப் பேச என்னால் முடியாது. அது நல்ல வேலை. பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக்கொண்டு சொல்கிறேன், என் வாழ்நாளில் எனக்கு அதிகப் பெருமை தந்த வேலை அதுதான்.

செட்டின் முதலாளி என்னிடம் மிஷன் பள்ளியில் படித்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. லாரியில் சரக்கு ஏற்றுவதைத் திட்டமிடும் மென்பொருள் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். பெட்டிகளின் நீள அகல உயரத்தையும் எடையையும் கொடுத்தால், எது எங்கே போக வேண்டும் என்று வண்ண வண்ணக் கட்டங்களாக அது வரைந்து காட்டும். முதல் நாளே அது கிரைண்டர் கல்லை அப்பளப் பெட்டிகளின் மேல் உட்கார வைத்தது. இடம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. லோடுமேன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முதலாளி என் வீட்டுக்கு வந்தார். "சார், அது எடத்தத்தான் பாக்குது, பொருளப் பாக்க மாட்டேங்குது. நீங்கதான் வந்து சொல்லிக்குடுக்கணும்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒருவர் வந்து கேட்டால் எப்படி மறுப்பது?

ஒவ்வொரு சரக்குக்கும் விதி எழுத வேண்டும். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், படுக்க வைக்கலாமா, அதன் மேல் எவ்வளவு எடை ஏற்றலாம், எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். ஊறுகாய் பாட்டில் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை மெல்லியது, ஆனால் உள்ளே நிற்கும் பாட்டில்கள் பாரத்தைத் தாங்கும். அதே பெட்டியைப் படுக்கப் போட்டால் ஒன்றையும் தாங்காது. எவர்சில்வர் குடங்கள் உள்ள பெட்டி பெரிது, உள்ளே காற்றுதான். பக்கவாட்டில் நெருக்கினால் குடம் நசுங்கும். ஊதுபத்திக்குப் பக்கத்தில் தேயிலை வைத்தால், கோயமுத்தூரில் டீ குடிப்பவருக்குச் சாம்பிராணி வாசம் வரும். விளாச்சேரியிலிருந்து வரும் கொலு பொம்மைகள் வைக்கோல் சுற்றி அட்டைப் பெட்டியில் இருக்கும். அவற்றின் மேல் ஒரு செய்தித்தாள்கூட வைக்கக் கூடாது, எப்போதும் உச்சியில்தான்.

இவற்றையெல்லாம் நான் கேட்டு மட்டும் எழுதவில்லை, சோதித்தும் பார்த்தேன். செட்டின் முற்றத்தில் ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியை வைத்து, அதன் மேல் எடைக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எப்போது மூலை மடங்குகிறது என்று குனிந்து பார்ப்பேன். சில சமயம் நானே ஏறி நிற்பேன். "வாத்தியாரு அட்டப்பொட்டிக்குப் பரீச்ச வைக்கிறாருடோய்" என்று ஒருவர் சொல்வார். "பாஸா பெயிலா சார்?" என்று இன்னொருவர் கேட்பார். நான் பதில் சொல்லிவிட்டு மதிப்பெண் போடுவதுபோல் எண்ணைத் தட்டுவேன். எனக்கும் அந்தக் கேலி பிடித்திருந்தது.

முழுக்க என் விதிகளின்படி அடுக்கிய முதல் வண்டியை இன்றும் கண்முன் பார்க்கிறேன். பின்கதவைச் சாத்துவதற்கு முன் மேஸ்திரி சரக்கின் முகப்பில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். ஒரு பெட்டிகூட அசையவில்லை. கட்டிய சுவர்போல நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அவர் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய அப்பா வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அவர்தான் முதலில் மதுரைக்கு வந்து, மூட்டை தூக்கி, பிறகு வண்டிமேல் நின்று அடுக்குகிறவராகி, மேஸ்திரியானார். கணினியை முதலில் ஏற்றுக்கொண்டவரும் அவரே. வண்டிமேல் நின்று, கையடக்கத் திரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் இது இங்கே, அது அங்கே என்று காட்டி அடுக்கச் சொல்வார். திரை அவர் கையில் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் அவர் சொல்வதைக் கேட்டுத் தூக்குவார்கள். பக்கத்துச் செட்டு ஆட்களிடம், "எங்க செட்டுல லோடு வண்டில ஏறுறதுக்கு முன்னாடி டிவில ஏறிரும். அம்புட்டும் எங்க சார் கணக்கு" என்று அவர் பெருமையடித்ததை நானே கேட்டிருக்கிறேன். காகிதத்தில் அச்சடிப்பதை நிறுத்தச் சொன்னவன் நான். திரையே போதும், காகிதம் எதற்கு என்றேன்.

லோடுமேன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வண்டிமேல் நின்று அடுக்கியவரின் லோடு வழியில் சரிந்தால், அவர் அதன்பிறகு மேலே ஏற மாட்டார். முதலாளி சொல்லி அல்ல. சங்கம் சொல்லியும் அல்ல. அவராகவே இறங்கிக் கீழே நின்று மூட்டை தூக்குவார். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இதை மேஸ்திரிதான் எனக்குச் சொன்னார். அப்படி இறங்கிய ஒருவரின் இடத்துக்குத்தான் அவர் ஏறியிருந்தார்.

கொட்டாம்பட்டியிலிருந்து வந்த ஒரு சரக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம். தேங்காய் மட்டையில் நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூளை அழுத்திச் செய்த கட்டிகள். மாடித்தோட்டம் வைப்பவர்கள் வாங்குவார்கள். காய்ந்திருக்கும்போது செங்கல் மாதிரி. எடைக் கற்கள் எல்லாம் தீர்ந்துபோயும் மூலை உடையவில்லை. "எவ்வளவும் தாங்கும், தரையில் வைக்கலாம்" என்று எழுதினேன். வண்டியின் தரை முழுவதும் நார்க்கட்டி, அதன் மேல் மற்ற சரக்கு, உச்சியில் பொம்மை. அப்படி அடுக்கினால் வண்டிக்குள் கை நுழைய இடம் இருக்காது.

ஆனால் நார்க்கட்டி தண்ணீர் பட்டால் உப்பும். ஒரு கட்டியை ஊற வைத்தால் ஒரு தொட்டி நிறையத் தூள் கிடைக்கும். அதற்காகத்தான் அதை வாங்குவதே. என் மனைவி எங்கள் மாடியில் ஊற வைப்பாள். வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது நான். கொட்டாம்பட்டித் தொழிற்சாலைக்காரரும் போனில் சொன்னார், மழைக்காலத்தில் கீழே மரச்சட்டம் போட்டு அதன்மேல் அடுக்கச் சொல்லுங்கள் என்று. சரி என்றேன். மரச்சட்டம் போட்டால் உயரத்தில் ஒரு வரிசை குறையும். அந்த வாரம் முதலாளி மற்ற செட்டு முதலாளிகளை அழைத்து என் திட்டத்தைக் காட்டுவதாக இருந்தார். வரிசை குறைந்த வண்டியை அவர்களுக்குக் காட்ட எனக்கு மனமில்லை. அவர்கள் வந்து போகட்டும், பிறகு மழைக்கால விதியை எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர்கள் வந்தார்கள், பாராட்டினார்கள், போனார்கள். நான் எழுதவில்லை. பாராட்டு வாங்கிய அடுக்கில் ஒரு வரிசையைக் குறைக்க அதன்பிறகும் கை வரவில்லை.

புரட்டாசியில் பெருமழை பிடித்தது. மேஸ்திரி அடுக்கி அனுப்பிய கோயமுத்தூர் வண்டி தேங்கிய தண்ணீரில் ஊர்ந்து போயிருக்கிறது. தார்ப்பாய் மேலே காத்தது; பலகை இடுக்கு வழியாகக் கீழிருந்து தண்ணீர் ஏறியது. ஒரு பக்கத்துக் கட்டிகள் உப்பி இளகின, மறுபக்கம் கல்லாகவே இருந்தது. மேலே இருந்ததெல்லாம் சாய்ந்தது. கோயமுத்தூரில் கதவைத் திறந்தபோது கொலு பொம்மைகள் மண்ணாகக் கொட்டின. யாருக்கும் அடிபடவில்லை.

காலையில் நான் செட்டுக்குப் போனபோது படங்கள் போனில் வந்திருந்தன. முதலாளி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். நார்க்கட்டியின் விதியைத் திறந்தேன். "மழைக்காலத்தில் மரச்சட்டம் கட்டாயம், நேரடியாகத் தரையில் கூடாது" என்று எழுதினேன். முந்திய நாள் லோடுக்குத் திட்டத்தை மறுபடி போட்டேன். பழைய திட்டம் போய், மரச்சட்டம் போட்ட திட்டம் வந்து நின்றது. இதையெல்லாம் செய்யத் தயங்கினேன் என்று எழுத ஆசைதான். தயங்கவில்லை. கரும்பலகையில் தப்பாகப் போட்ட எண்ணை மாணவர்கள் பார்ப்பதற்குள் அழிப்பதுபோல இயல்பாகச் செய்தேன்.

முதலாளி வந்து திரையைப் பார்த்தார். "சட்டம் போடச் சொல்லியிருக்கே, ஏன் போடல?" என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி திரையை வாங்கிப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்து இது இல்லையே சார்."

நான் கேட்டேன்: "நல்லாப் பாத்தீங்களா?"

அந்தக் கேள்விதான். ஆசிரியராக இருந்தவனுக்கு அந்தத் தொனி தானாக வரும். சரியான விடையை எழுதியிருக்கும் பையனைக்கூட அந்தக் கேள்வியால் தடுமாற வைத்துவிடலாம். அவர் தடுமாறினார். "பாத்தேன்னுதான் நெனைக்கிறேன் சார்" என்றார். கொஞ்சம் நின்று, "கவனிக்காம விட்டுட்டேனோ என்னமோ" என்றார். முதலாளி அதற்குமேல் கடிந்துகொள்ளவில்லை. அன்றைக்கு மாலை லோடு ஏற்றும்போது மேஸ்திரி மேலே ஏறவில்லை. கீழே நின்று பெட்டியைத் தோளில் தூக்கினார். அவரைவிட இளையவர் ஒருவர் ஏறினார்.

சில நாட்களில் ஆயுத பூஜை வந்தது. கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மழைக்கால விதிவரைக்கும் யோசித்து எழுதியவர் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரியும் தட்டினார். தீபாவளிக்குப் பிறகு அவர் செட்டுக்கு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, உறவினர் வீட்டு ஞானஸ்நான விருந்துக்குக் காய் வாங்கப் பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். முட்டைக்கோஸ் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அவர் வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு, என்னைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லாருக்கீகளா சார்? செட்டுல கம்ப்யூட்டரு நல்லா ஓடுதா?"

ஓடுகிறது என்றேன். இந்த வயதில் எதற்குச் சுமை, மேலே நின்று அடுக்கலாமே என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

அவர் சிரித்தார். "சரிஞ்ச லோடுக்காரன் சார் நானு. இங்க வந்த அன்னைக்கே ஆளுககிட்டச் சொல்லிட்டேன்." பிறகு கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "அதுக்கப்புறம் கண்ணாசுபத்திரிக்குப் போனேன். வயசுக்கு உள்ளதுதான், படிக்கிறதுக்கு மட்டும் போட்டாப் போதும்னாக. நான்தான் சுமை இல்லாத நேரமெல்லாம் போட்டுக்கிறேன். கண்ணு முன்னாடி இருந்தத நான் பாக்காம விட்டுருக்கேன்ல. இப்ப எதையும் ரெண்டு தடவ பாக்குறேன். பாத்தாலும் சந்தேகமாத்தான் இருக்கு."

அவர் வேலை இழந்தார், இடம் இழந்தார் என்று மட்டும் இரண்டு வருடமாக எனக்குள் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். வேறு வேலை கிடைத்திருக்கும், மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று. தன் கண்ணையே சந்தேகப்படுகிறார் என்பது எனக்குத் தெரியாது. அங்கேயே, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். மாடித் தொட்டியைச் சொன்னேன். போனில் வந்த எச்சரிக்கையைச் சொன்னேன். அன்று காலை அறைக்குள் உட்கார்ந்து என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாம்."

"எம் பொண்டாட்டிகிட்டகூட நான்தான் தப்புன்னு சொல்லியிருக்கேன் சார்." குரல் உயரவில்லை. "இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? நான் எறங்குனது அங்ஙன, அம்புட்டுப் பேரு முன்னாடி. அங்ஙன வந்து சொல்லுங்க."

மறுநாளே முதலாளியிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். நடந்தது நடந்துவிட்டது, மேஸ்திரிக்கு ஏதாவது செய்துவிடலாம், ஆட்கள் முன்னால் இதைச் சொன்னால் உங்கள் மரியாதை என்ன ஆகும், என் மரியாதைதான் என்ன ஆகும் என்றார். என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். அந்த மரியாதையைத்தான் நான் இரண்டு வருடமாக மேஸ்திரியின் செலவில் வைத்திருக்கிறேன் என்றேன். அதற்குமேல் தடுக்காமல் முதலாளி கதவைத் திறந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, லோடு ஏற்றும் நேரத்தில், முற்றத்தில் நின்று சொன்னேன். நான் சொல்லியனுப்பி வந்திருந்த மேஸ்திரி வாசல் பக்கமாக நின்றிருந்தார். எத்தனையோ வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு குறைந்த சொற்களில் நான் எதையும் விளக்கியதில்லை. அதிலும் எனக்கு ஒரு பெருமை இருக்கிறது, மறைக்கவில்லை. "அன்றைக்கு அந்த விதி இல்லை. அவர் பார்த்தது சரி. நான் பிறகு எழுதிவிட்டு அவரைக் கேட்டேன்" என்றேன். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அந்தப் பொன்னாடையத் திருப்பிக் குடுத்துருவீகளா சார்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

அவர் என்னைத் தாண்டி வண்டிப் பக்கம் போனார். ஆட்களைப் பார்த்து, "என்னப்பா, இப்ப ஏறலாமா?" என்று கேட்டார். வண்டிமேல் நின்றிருந்த இளையவர் கீழே குதித்து, திரையை நீட்டி, "ஏறுங்கண்ணே" என்றார்.

மேஸ்திரி ஏறினார். கண்ணாடியைக் கழற்றித் திரையைப் பார்த்தார். மாட்டிக்கொண்டும் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுதான் தெரிகிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு அடுக்கத் தொடங்கினார். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை. கடைசிப் பெட்டிவரைக்கும் வெயிலில் நின்று பார்த்தேன். என் விதிகளும் அவர் கையும் சேர்ந்து எழுப்பிய அந்தச் சுவரைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை.

முதலாளி அவரைத் திரும்ப வரச் சொன்னார். "பரவைல எனக்கு ஆளுக சேந்துட்டாகண்ணே" என்று மறுத்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனார். நான் முதலாளியிடம் ஒன்று கேட்டேன். மென்பொருள் கம்பெனியில் பேசி, எந்த விதியை யார் எப்போது மாற்றினாலும் பழையதும் புதியதும் மாற்றியவர் பெயரும் லோடுமேன்கள் கையிலுள்ள திரையில் தெரியும்படி செய்தார்கள். நார்க்கட்டியின் விதியை அழித்து, மறுபடி எழுதி, என் பெயரையும், தாமதமாக எழுதப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்தேன். அதோடு செட்டிலிருந்து விலகிக்கொண்டேன். என் விதிகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. புதிய பையன்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்வி. சரியாகத்தான் மாற்றியிருப்பார்கள்.

போன மாதம் பரவைக்குப் போயிருந்தேன். காய்கறி லாரி ஒன்று மார்க்கெட் வாசலில் நின்றது. தக்காளிக் கூடைகள் விளிம்புக்கு மேலே எழும்பி, ஒரு கூடை முன்னே பின்னே இல்லாமல் நேராக நின்றன. எவ்வளவு அழகு என்று நின்று பார்த்த பிறகுதான் உச்சியில் அவர் நிற்பது தெரிந்தது. கண்ணாடி இல்லை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கீழே நின்றவர்களில் என்னையும் ஒருவனாகப் பார்த்து, கையால் விலகச் சொல்லிச் சைகை காட்டினார்.

"தள்ளி நில்லுங்க, கயிறு வருது."

தள்ளி நின்றேன்.